புரவலரா, பொறுப்பேற்பவரா? பல்கலைக்கழகச் சிகிச்சை ஆய்வுகளை எளிய தமிழில் விளக்குதல்: சேலம், நாமக்கல் சமவெளியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒரு மருந்தோ சிகிச்சை முறையோ உண்மையில் பயன் தருகிறதா என்பதை மனிதரிடம் முறைப்படி ஒப்பிட்டு அறிவது சிகிச்சை ஆய்வு. இவ்வாய்வுகளுள் ஒரு பகுதியை மருந்து நிறுவனங்கள் அல்லாமல் பல்கலைக்கழகங்களும் அரசு ஆய்வு அமைப்புகளும் பொறுப்பேற்று நடத்துகின்றன. அவற்றின் செயல்முறையை இக்கட்டுரை இரண்டு சான்றுகளின் வழியே விளக்குகிறது. ஒன்று, இலண்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நிறுவனம் நடத்திய கிராஷ்-2 ஆய்வு. மற்றொன்று, 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு. ஒப்புதல் படிவங்களில் வழங்கும் சில தமிழ்ச் சொற்கள் நோயாளியின் உரிமையை மறைக்கின்றன என்பதும், குறிப்பாகப் ‘புரவலர்’ என்னும் சொல் சட்டம் சுமத்தும் கடமையை ஈகையாகத் திரித்துக் காட்டுகிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: சிகிச்சை ஆய்வு, பல்கலைக்கழகம், புரவலர், பொறுப்பேற்பு, தற்செயல் பகிர்வு, ஒப்புதல், சேலம், நாமக்கல்.

முன்னுரை

சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் காவிரிக்கும் இடைப்பட்ட சேலம், நாமக்கல் சமவெளி நெடுஞ்சாலைகளின் நிலம். பெங்களூருவிலிருந்து மதுரை நோக்கிச் செல்லும் சாலை சேலத்தையும் நாமக்கல்லையும் கடந்தே செல்கிறது. நாமக்கல்லின் சரக்கு லாரிகளும் திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளும் நாடு முழுவதும் ஓடுகின்றன. இவ்வட்டாரத்தில் சாலை விபத்தை அறியாத குடும்பங்கள் அரியன.

இங்கே மருத்துவக் கல்வியும் வளர்ந்து வருகிறது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி 1986இல் தொடங்கப்பட்டது. நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறந்துவைக்கப்பட்டது. மருத்துவக் கல்லூரி உள்ள ஊரில் ஆய்வும் இருக்கும். மருத்துவ முதுநிலை மாணவர் ஒவ்வொருவரும் பட்டத்திற்காக ஆய்வேடு எழுதுகின்றனர். ஆகவே, இவ்வட்டாரத்து நோயாளி ஒருவரிடம் என்றேனும் ஒரு நாள் ஒப்புதல் படிவம் ஒன்று நீட்டப்படக்கூடும். அதில் பல்கலைக்கழகத்தின் பெயரோ மருத்துவக் கல்லூரியின் பெயரோ இருக்கும். அப்பெயரைக் கண்டதும் எழும் மதிப்பு கையொப்பத்தை எளிதாக்கிவிடுகிறது. அப்பெயர் அங்கே எதற்காக இடம்பெற்றுள்ளது, அது எதற்கு உறுதி கூறுகிறது என்பவற்றை அறிந்த பிறகு இடப்படும் கையொப்பமே ஒப்புதல் ஆகும்.

1. ஒப்பீடும் தற்செயலும்

நாமக்கல் கோழிப் பண்ணையாளர் ஒருவர் புதிய தீவனம் ஒன்றை மதிப்பிட விரும்புகிறார் எனக் கொள்வோம். நல்ல இளங்கோழிகளை ஒரு கொட்டகையில் விட்டுப் புதிய தீவனத்தையும், வயது முதிர்ந்தவற்றை மற்றொரு கொட்டகையில் விட்டுப் பழைய தீவனத்தையும் கொடுத்தால், முட்டை கூடியது தீவனத்தாலா, கோழியின் வயதாலா என்று அவரால் சொல்ல முடியாது. இரண்டு கொட்டகைகளும் தீவனம் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒத்திருந்தால்தான் ஒப்பீடு பொருளுடையதாகும்.

சிகிச்சை ஆய்வின் அடிப்படையும் இதுவே. ஆனால், ‘இவருக்குப் புதிய மருந்து, அவருக்குப் பழைய மருந்து’ என்று மருத்துவரே தேர்ந்தெடுத்தால், அவர் அறியாமலேயே தேறக்கூடியவர்களை ஒரு பக்கம் சேர்த்துவிடக்கூடும். இதைத் தவிர்ப்பதற்காகவே எவர் எக்குழுவில் சேர்வது என்பது தற்செயலிடம் விடப்படுகிறது. இதனைத் தற்செயல் பகிர்வு என்பர்.

தமிழ் மரபில் இதற்கு நெருங்கிய உவமை உத்திரமேரூர்க் கல்வெட்டு விவரிக்கும் குடவோலை முறை. முதலாம் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, வாரிய உறுப்பினருக்கான தகுதிகளை முதலில் வரையறுக்கிறது. வயது 35க்கு மேல் 70க்குள் என்பது அவற்றுள் ஒன்று. தகுதியுடையோர் பெயர்கள் எழுதப்பட்ட ஓலைகள் குடத்திலிடப்பட்டுக் குலுக்கப்படும். அவற்றை எடுப்பவன் உள்ளிருப்பதை அறியாத சிறுவன். சிகிச்சை ஆய்விலும் இதே மூன்று படிகள் உண்டு: தகுதி வரையறை, குலுக்கல், விளைவை முன்னறியாத கை. இன்று குடத்தின் இடத்தில் கணினியும் வரிசை எண் இட்ட மருந்துப் பெட்டிகளும் உள்ளன.

கோழிப் பண்ணைக்கும் மருத்துவமனைக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கோழியிடம் எவரும் ஒப்புதல் கேட்பதில்லை. மனிதரிடம் கேட்டாக வேண்டும். அவருக்குப் புரியும் மொழியில் கேட்டாக வேண்டும்.

2. பல்கலைக்கழகம் ஏன் முன்வருகிறது?

புதிய மருந்தைக் கண்டறிந்த நிறுவனம் அதனை விற்பதற்கு உரிமம் பெற ஆய்வு நடத்துகிறது. காப்புரிமை முடிந்துபோன, விலை குறைந்த பழைய மருந்து ஒன்று புதிய பயனைத் தருமா என்று அறிவதில் எந்த நிறுவனத்திற்கும் பெரிய ஆதாயம் இல்லை. மருந்தே இல்லாத கேள்விகளும் உள்ளன. நோயாளியை எங்கே வைத்துச் சிகிச்சை தரலாம், எத்தனை மாதம் தரலாம் என்பன போன்ற அக்கேள்விகளைச் சந்தை கேட்பதில்லை. அவற்றைக் கேட்பதற்கே பல்கலைக்கழகங்களும் அரசு அமைப்புகளும் தேவைப்படுகின்றன.

டிரானெக்ஸாமிக் அமிலம் இதற்குத் தக்க சான்று. இரத்தக் கட்டி கரைவதைத் தடுத்து இரத்தப்போக்கைக் குறைக்கும் இம்மருந்தை உடாகோ ஒகமோட்டோ, ஷோசுகே ஒகமோட்டோ என்னும் சப்பானிய ஆய்வாளர் இணையர் 1962இல் வெளியுலகிற்கு அறிவித்தனர். அறுவை சிகிச்சையில் பயன்பட்டுவந்த இம்மருந்து விபத்தில் இரத்தம் இழப்போரைக் காக்குமா என்பது நெடுங்காலம் விடை காணப்படாத கேள்வியாக இருந்தது.

அக்கேள்வியை எடுத்துக்கொண்டது கிராஷ்-2 ஆய்வு. அதன் பொறுப்பை ஏற்றது இலண்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த இலண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளி. முதன்மைக் கட்டத்திற்கான நிதி பிரிட்டன் அரசின் சுகாதாரத் தொழில்நுட்ப மதிப்பீட்டுத் திட்டத்திலிருந்து வந்தது. மருந்தையும் வெற்று மருந்தையும் பைசர் நிறுவனம் வழங்கியது. பணம் தந்தவர் ஒருவர், மருந்து தந்தவர் மற்றொருவர், பொறுப்பேற்றவர் வேறொருவர். இம்மூன்றையும் பிரித்தறிவது பின்வரும் விவாதத்திற்கு இன்றியமையாதது.

3. கிராஷ்-2 ஆய்வின் முடிவுகளைப் படித்தல்

2005 முதல் 2010 வரை இந்தியா உள்ளிட்ட 40 நாடுகளின் 274 மருத்துவமனைகளில் இவ்வாய்வு நடந்தது. காயமுற்று எட்டு மணி நேரத்திற்குள் வந்த, பெரும் இரத்தப்போக்கு உடைய அல்லது அதற்கு வாய்ப்புள்ள 20,211 பேர் சேர்க்கப்பட்டனர். இம்மருந்து தேவை என்றோ கூடாது என்றோ மருத்துவர் உறுதியாகக் கருதிய எவரும் குலுக்கலில் சேர்க்கப்படவில்லை. மருந்தா வெற்று மருந்தா என்பதில் மருத்துவருக்கே உண்மையான ஐயம் இருந்தபோது மட்டுமே குலுக்கல் நடந்தது. இவ்வையமே ஆய்வின் அறம். விடை தெரிந்த பின் குலுக்குவது அறமாகாது.

நான்கு வார காலத்துள் மருத்துவமனையில் இறந்தோர் மருந்துக் குழுவில் 14.5 விழுக்காடு, வெற்று மருந்துக் குழுவில் 16 விழுக்காடு. ஆயிரம் பேருக்கு 160 இறப்புகள் என்பது 145 ஆகக் குறைந்தது. ஆயிரத்துக்குப் பதினைந்து உயிர் என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். விபத்துகளின் எண்ணிக்கையோடு பெருக்கிப் பார்த்தால் அது பெரிய எண். இருநூறு பேரை மட்டும் சேர்த்திருந்தால் குழுவுக்கு ஏறத்தாழ 15 இறப்பும் 16 இறப்புமாக முடிந்திருக்கும். அவ்வேறுபாடு மருந்தின் விளைவா, குலுக்கலின் விளையாட்டா என்று எவராலும் சொல்ல இயலாது. சிறிய நன்மையை உறுதியாகக் காணப் பெரிய எண்ணிக்கை வேண்டும் என்பதன் பொருள் இதுதான்.

2011இல் வெளிவந்த மறுபகுப்பு இன்னும் நுட்பமான உண்மையைக் காட்டியது. காயமுற்று மூன்று மணி நேரத்திற்குள் தரப்பட்ட மருந்து இரத்தப்போக்கால் நேரும் இறப்பைக் குறைத்தது. ஒரு மணி நேரத்திற்குள் தரப்பட்டபோது அவ்விறப்பு 7.7 விழுக்காட்டிலிருந்து 5.3 விழுக்காடாகக் குறைந்தது. மூன்று மணி நேரம் கடந்த பின்போ, வெற்று மருந்துக் குழுவில் 3.1 விழுக்காடாக இருந்த அவ்விறப்பு மருந்துக் குழுவில் 4.4 விழுக்காடாக இருந்தது. ஒரே மருந்து முதல் மூன்று மணியில் காக்கிறது, பிந்தினால் தீங்கு செய்யக்கூடும். ஒப்பீடு இல்லாமல், அனுபவத்தால் மட்டும் இதை எவரும் கண்டிருக்க முடியாது. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் தன் இன்றியமையா மருந்துகள் பட்டியலில், விபத்துக் காயங்களுக்கான பயன்பாட்டில் இம்மருந்தைச் சேர்த்தது. நெடுஞ்சாலை ஓரத்து ஊர்களுக்கு இம்மூன்று மணிக் கணக்கு நேரடிப் பொருளுடையது.

4. சென்னையின் முன்னோடி

தமிழ்நாட்டிற்கு இத்தகைய ஆய்வு புதிதன்று. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை இணைந்து சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தை நிறுவின. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் அதுவே. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் அங்கு எழுப்பப்பட்ட முதற்கேள்வி மருந்தைப் பற்றியதன்று, இடத்தைப் பற்றியது: காசநோயாளியை சானடோரியத்தில் சேர்க்கத்தான் வேண்டுமா, வீட்டில் வைத்தே குணப்படுத்த இயலாதா?

நோயாளிகள் தற்செயலாக இரண்டு குழுக்களாகப் பகிரப்பட்டு, ஓராண்டு ஒரே மருந்துகளைப் பெற்றனர். சானடோரியத்தில் இருந்தோருக்கு நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இருந்தோர் நெரிசலான, வறிய இல்லங்களில் வாழ்ந்தனர். 1959இல் வெளியான அறிக்கையின்படி, ஓராண்டு முடிவில் கிருமி அடங்கிய நிலையை அடைந்தோர் சானடோரியத்தில் 92 விழுக்காடு, வீட்டில் 86 விழுக்காடு. ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோதும், வீட்டுச் சிகிச்சை பெற்றோரின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டு வீட்டுச் சிகிச்சை நிலைபெற்றதற்கு இவ்வாய்வு பெருங்காரணம். படுக்கை கிடைக்காத ஏழை நோயாளிக்கு இந்த விடை அளித்த விடுதலையை எந்த மருந்து நிறுவனமும் தேடியிருக்காது.

பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 1948இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில் தற்செயல் பகிர்வை வகுத்த ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில், பிற்காலத்தில் கிராஷ்-2 ஆய்வுக்குப் பொறுப்பேற்ற அதே இலண்டன் பள்ளியின் பேராசிரியர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

5. சொற்கள் செய்யும் தீங்கு

இவ்வளவு தெளிவான முறையை நோயாளிக்குச் சொல்லும்போது தமிழ்ச் சொற்கள் சில இடறுகின்றன. மூன்றை மட்டும் இங்குக் காண்போம்.

முதலாவது, ‘மருத்துவப் பரிசோதனை’. இரத்தப் பரிசோதனை, கண் பரிசோதனை, உடற்பரிசோதனை என்று மக்கள் வழக்கில் இச்சொல் ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது. ஆகவே, ‘மருத்துவப் பரிசோதனையில் பங்கேற்கிறேன்’ என்று கையொப்பமிடுபவர் தம் உடலைச் சோதித்துப் பார்க்கப்போகிறார்கள் என்று கொள்வது இயல்பே. ‘சிகிச்சை ஆய்வு’ என்பது அம்மயக்கத்தைக் குறைக்கிறது.

இரண்டாவது, ‘சமவாய்ப்பு முறை’. பாடநூலில் இது பொருந்தும். படுக்கையில் கிடப்பவருக்கோ, ‘எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கும்’ என்ற பொருளைத் தந்துவிடலாம். ஏலச்சீட்டு வழங்கும் இவ்வட்டாரத்தில் ‘குலுக்கல்’ என்ற சொல் எவருக்கும் விளங்கும். மருத்துவர் தேர்ந்தெடுக்கவில்லை என்பதை அச்சொல் மறைக்காமல் கூறுகிறது.

மூன்றாவதும் முதன்மையானதும் ‘புரவலர்’. ஆய்வைத் தொடங்கி, நடத்தி, அதற்குச் சட்டப்படி விடை சொல்லக் கடமைப்பட்ட நிறுவனத்தைக் குறிக்க இச்சொல் பயன்படுத்தப்படுகிறது. தமிழ் இலக்கிய மரபில் புரவலர் என்பவர் ஈபவர். அவருக்கு எதிர்நிலையில் நிற்பவர் இரவலர். படிவத்தில் பல்கலைக்கழகம் புரவலர் ஆனவுடன், சொல்லப்படாமலேயே நோயாளி இரவலர் ஆகிவிடுகிறார். ஈபவரிடம் கணக்குக் கேட்பது மரபன்று. பொறுப்பேற்றவரிடம் கேட்கலாம், கேட்க வேண்டும். கிராஷ்-2 ஆய்வில் கண்டதுபோல், பணம் தருபவரும் இவரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. எனவே ‘பொறுப்பேற்பு நிறுவனம்’ என்ற தொடரே பொருத்தமானது.

6. சட்டம் சொல்லும் பொறுப்பு

இந்தியாவில் 2019 மார்ச்சு மாதத்தில் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகள் அறிவிக்கப்பட்டன. இவ்விதிகள் ‘கல்விசார் மருத்துவ ஆய்வு’ என்ற ஒரு வகையைத் தனியே வரையறுக்கின்றன. ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்தை, வேறொரு நோய்க்கோ வேறு அளவிலோ வேறு வழியிலோ பயன்படுத்திப் பார்க்க ஆய்வாளரோ கல்வி நிறுவனமோ தொடங்கும் ஆய்வு இது. இதன் முடிவை விற்பனை உரிமம் பெறப் பயன்படுத்த இயலாது. நெறிமுறைக் குழு ஒப்புதல் அளித்தால், இவ்வகை ஆய்வுக்கு மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமையின் தனி அனுமதி பொதுவாகத் தேவையில்லை.

அனுமதிப் படி ஒன்று குறைவதால் நெறிமுறைக் குழுவின் சுமை கூடுகிறது. குறைந்தது ஏழு உறுப்பினரைக் கொண்ட அக்குழுவில் மருத்துவம் சாராத பொதுமகன் ஒருவர், பெண் ஒருவர், சட்டம் அறிந்தவர் ஒருவர் இடம்பெற வேண்டும். உறுப்பினருள் பாதிப் பேரேனும் அந்நிறுவனத்தைச் சாராதவராக இருக்க வேண்டும். தலைவரும் வெளியாராகவே இருக்க வேண்டும்.

ஆய்வால் தீங்கு நேர்ந்தால் யார் பொறுப்பு? மருந்து நிறுவனம் நடத்தும் ஆய்வில் விடை தெளிவு: சிகிச்சைச் செலவும் இழப்பீடும் அந்நிறுவனத்தைச் சேரும். கல்விசார் ஆய்வில், மாணவரின் ஆய்வேடு உட்பட, ஆய்வு நடைபெறும் நிறுவனமே அவ்விடத்தில் நிற்கிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் கூறுகின்றன. ‘இலாப நோக்கம் இல்லை’ என்பது ‘பொறுப்பு இல்லை’ என்று ஆகாது.

மேலும், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு 2007 முதல் இயங்குகிறது. ஆய்வின் நோக்கம், நடைபெறும் இடம், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், பொறுப்பேற்கும் நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றை அப்பதிவேட்டின் இணையதளத்தில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

7. நினைவிழந்தவரின் ஒப்புதல்

நெடுஞ்சாலை விபத்து ஒப்புதலின் கடினமான எல்லையைக் காட்டுகிறது. வெளி மாநில லாரி ஓட்டுநர் ஒருவர் நினைவின்றிக் கொண்டுவரப்படுகிறார். மூன்று மணிக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. எவர் ஒப்புதல் அளிப்பார்? நோயாளியால் இயலாதபோது சட்டம் ஏற்கும் உறவினர் அல்லது பிரதிநிதி கையொப்பமிடலாம். எழுதப் படிக்கத் தெரியாதவராயின் நடுநிலைச் சாட்சி உடனிருக்க வேண்டும். உறவினரும் இல்லாதபோது என்ன செய்வது என்பதை நெறிமுறைக் குழு முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும். நினைவு திரும்பிய பின் நோயாளிக்கு எல்லாவற்றையும் சொல்லித் தொடரவோ விலகவோ அவரிடமே கேட்க வேண்டும்.

பதற்றத்தில் நிற்கும் உறவினரிடம் படித்துக் காட்டத்தக்க விளக்கம் பின்வருமாறு அமையலாம்:

“அம்மா, உங்கள் மகனுக்குத் தர வேண்டிய சிகிச்சையைத் தொடங்கிவிட்டோம். அது எப்படியும் நடக்கும். அதோடு ஒரு மருந்தைப் பற்றி ஆய்வு செய்கிறோம். அது இரத்தப்போக்கைக் குறைக்குமா என்று எங்களுக்கு உறுதியாகத் தெரியாது. குலுக்கல் முறையில் சிலருக்கு அம்மருந்தும், சிலருக்கு மருந்தில்லாத நீரும் ஏற்றப்படும். எவருக்கு எது என்பது எங்களுக்கும் தெரியாது. நீங்கள் வேண்டாம் என்று சொன்னாலும் சிகிச்சை குறையாது. பிறகு மனம் மாறினாலும் விலகிக்கொள்ளலாம். இந்த ஆய்வால் கெடுதல் வந்தால் பொறுப்பு இந்தத் தாளில் எழுதியுள்ள நிறுவனத்துடையது. இதன் நகல் உங்களுக்கு உரியது.”

இதைப் படித்து முடிக்க ஒரு நிமிடம் போதும். இதனைக் கேட்ட தாய் ‘வேண்டாம்’ என்று சொல்லவும் கூடும். அதற்கு இடம் தருவதே ஒப்புதல்.

முடிவுரை

பல்கலைக்கழகம் நடத்தும் சிகிச்சை ஆய்வு, சந்தை கேட்காத கேள்விகளைக் கேட்கிறது. வீட்டிலேயே காசநோயைக் குணப்படுத்தலாம் என்ற விடையும், மலிவான பழைய மருந்து விபத்தில் உயிர் காக்கும் என்ற விடையும் அவ்வழியே கிடைத்தன. அவ்விடைகளை ஈட்டித் தந்தோர் ஆய்வாளர் மட்டும் அல்லர். குலுக்கலுக்குத் தம்மை ஒப்புக்கொடுத்த நோயாளிகளும் ஆவர். கிராஷ்-2 ஆய்வில் வெற்று மருந்து பெற்ற பத்தாயிரம் பேர் இல்லையேல் மற்றப் பத்தாயிரம் பேர் பெற்ற பயனை அளந்திருக்கவே முடியாது. இவ்வகையில் கொடுப்பவர் நோயாளி, பெறுபவர் சமூகம். மரபுச் சொல்லைப் பயன்படுத்தியே தீர வேண்டுமெனில், புரவலர் என்ற பெயர் படிவத்தின் கீழே கையொப்பமிடுபவருக்கே உரியது. பல்கலைக்கழகத்திற்கு உரியது பொறுப்பு. சேலம், நாமக்கல் மருத்துவமனைகளில் நாளை நீட்டப்படும் தாளில் இவ்வேறுபாடு தமிழில் தெளிவாக எழுதப்பட வேண்டும். மருத்துவரும் தமிழறிஞரும் சேர்ந்து செய்ய வேண்டிய பணி இது.